கெட்டிக் கஞ்சியை இளக்கும் முளை

காரைக்குடியில் எங்கள் ஆயா (பாட்டி) வீட்டில், வெள்ளைத்துணியில் முடிந்த கேழ்வரகு இரண்டு நாள் தொங்கும். முளை விட்டதும் வளவு (முற்றம்) வெயிலில் காயவைத்து, வேரைத் தேய்த்துப் புடைத்து, இளஞ்சூட்டில் வறுத்துத் திரிப்பார். "பிள்ளைக்கு லேசா செரிக்கும்" என்பார்.

ஆயா சொன்னது உண்மைதான். தானியம் நனைந்ததும் அதன் கரு விழித்து ஜிப்பரெலின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. உடனே விதையின் வெளியடுக்கு அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. நம் எச்சிலிலும் கணையநீரிலும் இருப்பது இதே வகை நொதிதான். சர்க்கரை மணிகளைக் கோத்த நீளச் சரம்போன்ற மாவுச்சத்தை அது நடுநடுவே வெட்டிவிடும். முளைக்கட்டிய மாவு லேசாக இனிப்பதும் அதனால்தான்.

செரிமானத்தைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. குழந்தையின் வயிறு சின்னது; 8 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 240 மில்லி கொள்ளும். சாதாரண மாவைக் காய்ச்சினால் நீரை உறிஞ்சி ஊதிக் களியாகிறது. விழுங்க வைக்க நீர் ஊற்றுகிறோம்; வயிறு நிறைகிறது, சத்து சேர்வதில்லை. சரங்கள் அறுந்த மாவு அப்படி ஊதாது. அதே இளக்கத்தில் இருமடங்குக்கும் மேல் மாவு கரைக்கலாம்.

1980களில் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவினர் இதை ஆராய்ந்தார்கள். நீங்களும் செய்து பார்க்கலாம். கெட்டியான அரிசிக்கஞ்சியை இறக்கி, சற்றே ஆறியதும் ஒரு சிட்டிகை முளைமாவைக் கலக்குங்கள். சில நிமிடத்தில் கஞ்சி இளகி ஓடும். முதல் தடவை பார்த்தபோது நான் அசந்துபோனேன். அப்புறம் மறுபடி ஒரு கொதி விட வேண்டும். முளைக்கட்டும் ஈரத்தில் கிருமிகளும் பெருகும் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது.

கொதிக்கும் கஞ்சியில் போட்டாலோ, மாவைச் சிவக்க வறுத்தாலோ நொதி செத்துவிடும். மால்ட் என்றால் முளைக்கட்டிய தானியம்; ஆனால் முளைக்கட்டாத மாவைக் காய்ச்சிவிட்டு 'ராகி மால்ட்' என்பதும் வழக்கமாகிவிட்டது. அதில் இந்தப் பலன் கிடைக்காது.

மருத்துவமனையில் பசும்பால் ஒவ்வாத குழந்தைக்குத் தரும் பால்மாவிலும் இதே தத்துவம்தான். அங்கே வெட்டப்படுவது புரதம்.

ஒன்று கவனிக்க வேண்டும். வெட்டுப்பட்ட மாவுச்சத்து ரத்தத்தில் சர்க்கரையாக வேகமாக ஏறும். எங்கள் ஐயாவுக்கு (தாத்தாவுக்கு) சர்க்கரை நோய். முளைமாவுக் கஞ்சியை ஆயா அவர் பக்கமே நகர்த்தமாட்டார்.