நாய்க்கு ஒரு மூடி பீர் ஊற்றினால் என்ன ஆகும்?

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வந்தால் எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். ‘நாய் வாந்தி எடுக்குது சார், நடக்க மாட்டேங்குது.’ என்ன சாப்பிட்டது என்று கேட்டால் ‘எப்பவும் போல தயிர்ச்சோறுதான்’ என்பார்கள். கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு வந்தபின், கூட வந்த மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். திரும்பத் திரும்பக் கேட்டால்தான் வரும்: ‘ஒரு மூடிதான் சார், வெளாட்டுக்கு ஊத்துனோம்.’

ஒரு மூடி பீரில் நாய் செத்துப்போகாது. முப்பது கிலோ லாப்ரடார் ஒன்று தரையில் சிந்தியதை நக்கிவிட்டால் பதற வேண்டியதில்லை; தண்ணீர் வைத்துவிட்டுக் கண்காணித்தால் போதும். ஆனால் மொட்டை மாடியில் யாரும் மூடியோடு நிறுத்துவதில்லை. ஒருவர் ஊற்றுவார், அது நக்குவதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள், அடுத்தவர் போனை எடுத்து வீடியோவுக்காக இன்னொரு தரம் ஊற்றுவார்.

கணக்கு போட்டுப் பாருங்கள். நம்மூர் வீடுகளில் வளரும் பொமரேனியன் ஐந்து கிலோ இருக்கும். அதற்கு 100 மில்லி பீர் என்பது அறுபது கிலோ ஆள் 1,200 மில்லி குடிப்பதற்குச் சமம். அதாவது 650 மில்லி பாட்டில் ஏறக்குறைய இரண்டு, அதுவும் மளமளவென்று. பிராந்தி என்றால் பேச்சே வேறு. நாயின் உயிரைப் பறிக்கக்கூடிய அளவாக எங்கள் பாடநூல்கள் சொல்வது, எடையில் கிலோவுக்கு 5.5 முதல் 7.9 கிராம் சுத்தமான ஆல்கஹால். 42.8 சதவீதச் சரக்கில் ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி, அந்தப் பொமரேனியனை இந்த அளவுக்குள் கொண்டுபோய்விடும். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் ஒரு பாட்டில்கூட வேண்டாம். மயக்கமும் தள்ளாட்டமும் இதைவிட வெகு குறைந்த அளவிலேயே வந்துவிடும்.

குடித்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும். வெறும் வயிறாக இருந்தால் இன்னும் சீக்கிரம். பின்னங்கால் பின்னும், வாந்தி வரும், கூப்பிட்டால் திரும்பாது. வெளியே தெரியாமல் நடப்பதுதான் மோசம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். குட்டிகளுக்கும் சின்ன இனங்களுக்கும் இதனால் வலிப்பே வரலாம். மூச்சு மெதுவாகும். உடம்புச் சூடு குறையும்.

இந்தச் சூடு விஷயத்தை மதுரை வெயிலில் இருப்பவர்கள் நம்புவதில்லை. ஒருநாள் ராத்திரி வந்த பொமரேனியன் முழுக்க நனைந்திருந்தது. முடியெல்லாம் உடம்போடு ஒட்டி, எலும்பு தெரிய, நடுங்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. மட்டையான ஆளுக்குச் செய்வது போல, போதை தெளியட்டும் என்று தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். தெர்மாமீட்டரில் 96 டிகிரி. நாய்க்குச் சாதாரணமாக 101, 102 இருக்க வேண்டும். துவட்டி, போர்வை சுற்றி, நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றி, விடியும்வரை மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிழைத்துக்கொண்டது.

மோர், எலுமிச்சைச் சாறு கொடுப்பவர்களும் உண்டு. தள்ளாடும் நாயின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போக வாய்ப்பு அதிகம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது இன்னும் ஆபத்து. நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: ஈரம் இருந்தால் துடைத்து, துணியால் மூடி, தலை தொங்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். என்ன குடித்தது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று உள்ளே நுழைந்ததும் சொல்லிவிடுங்கள். எலி மருந்து தின்றாலும், பூச்சி மருந்து பட்டாலும், தலையில் அடிபட்டாலும் நாய் ஏறக்குறைய இப்படித்தான் வரும். நீங்கள் வெட்கப்பட்டு மறைக்கும் கால் மணி நேரத்தை நாங்கள் விஷம் தேடுவதில் செலவழிப்போம். திட்டுவேன்தான், ஆனால் ஊசி போட்ட பிறகு.

பீரை விட்டாலும் சைடிஷ் இருக்கிறது. ஆம்லெட்டிலும் பக்கோடாவிலும் இருக்கும் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அது தெரிய சில நாள் ஆகும் என்பதால் யாரும் அந்த ராத்திரியோடு முடிச்சுப் போடுவதில்லை. கம்பத்திலிருந்து வரும் பன்னீர் திராட்சை சிறுநீரகத்துக்கு ஆகாது. உலர்ந்த திராட்சையும் அப்படியே. சிக்கன் எலும்பைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

‘ஆல்கஹால் இல்லாத பீர் கொடுக்கலாமா?’ என்று கேட்கிறார்கள். வேண்டாம். பீருக்குக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. அதைத் தின்ற நாய்களுக்கு, கிரேஹவுண்டு போன்ற இனங்களுக்குக் குறிப்பாக, உடம்புச் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிர் போயிருக்கிறது. வீட்டில் பீர் காய்ச்சும் நாடுகளில் வடிகட்டிப் போட்ட சக்கையால்தான் இது அதிகம். பாட்டில் பீரில் ஹாப்ஸ் குறைவு என்றாலும், நாய்க்கு அதனால் ஒரு நன்மையும் கிடையாது.

சட்டமும் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11, கேடு தரும் பொருளை வேண்டுமென்றே விலங்குக்குக் கொடுப்பதைக் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அந்தப் பிரிவு சொல்லும் அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். பீர் பாட்டில் விலையைவிடக் குறைவு. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அலங்காநல்லூரில் காளைக்குப் போதை கொடுத்திருக்கிறார்களா என்று அத்தனை பேர் பார்க்கிறோம். மொட்டை மாடியில் நாயைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

‘அதுக்கு ரொம்பப் பிடிக்குது சார்’ என்பது கடைசி வாதம். பிடிப்பது மால்ட்டின் வாசமும், உங்களோடு உட்கார்ந்திருப்பதும். அமெரிக்காவில் புஷ் பீர்க்காரர்கள் 2020இல் நாய்களுக்கென்று ஒரு ‘பீர்’ விற்றார்கள். உள்ளே ஆல்கஹாலும் இல்லை, ஹாப்ஸும் இல்லை. பன்றி எலும்பை வேகவைத்த சாறுதான். எலும்பு சூப்புக்கு மதுரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்து, எலும்பையெல்லாம் வடிகட்டிவிட்டு, நன்றாக ஆறியதும் அதன் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றுங்கள்.