திருத்திய குரலை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பாதீர்கள்

மஞ்சக்குப்பத்திலிருந்து அண்மையில் என்னிடம் குரல் பயிற்சிக்கு வந்த மாணவி நன்றாகவே பாடுகிறார். ஆனால், அமெரிக்காவில் மியூசிக்கல் தியேட்டர் (பாடி, ஆடி, வசனம் பேசி நடிக்கும் நாடகக் கலை) படிப்புக்கு அனுப்பவென்று பெற்றோர் எடுத்து வைத்திருந்த காணொளியில் புதுச்சேரிக் கடற்கரைக்கு மேல் ட்ரோன் பறந்தது. உடை மூன்று முறை மாறியது. ஸ்டுடியோவில் சுருதி திருத்தி எதிரொலி சேர்த்த குரலுக்கு அவர் வாயசைத்துக்கொண்டிருந்தார். நீண்ட அடிகளுக்கு நடுவே மூச்சு வாங்கும் ஒலிகூட இல்லை, அதையும் அழித்திருந்தார்கள். இத்தகைய காணொளிகளை ஆண்டுதோறும் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காணொளி விளம்பரப் படமன்று, முதற்கட்டத் தேர்வு. பாடிக்கொண்டே நடிக்க இந்தப் பிள்ளையால் முடிகிறதா என்பதைத்தான் தேர்வாளர்கள் பார்க்கிறார்கள். பாட்டின் நடுவே வெட்டி ஒட்டக் கூடாது என்று கல்லூரிகள் விதித்திருப்பதும் அதற்காகத்தான். திருத்திய சுருதியைப் பழகிய காது உடனே கண்டுகொள்ளும். அதில் தப்பினாலும் அடுத்த கட்டத்தில், ஜனவரி, பிப்ரவரி வாக்கில் நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இணையவழியிலோ, தேர்வாளர் முன் நேரடியாகப் பாடியாக வேண்டும். அங்கே எந்த ஸ்டுடியோ துணைக்கு வரும்? 1922இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபில் நடிகர்கள் தாமே பாடி நடித்தார்கள். வசனம் நின்ற இடத்தில் பாட்டு கதையைத் தொடர்ந்தது. அதைத்தான் அங்கும் கேட்கிறார்கள். நம் பெற்றோர் மனத்திலோ பின்னணிக் குரலுக்கு வாயசைக்கும் சினிமாப் பாட்டே நிற்கிறது.

வெறும் சுவர் முன் நின்று, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை ஸ்டாண்டில் பொருத்தி எடுத்தாலே போதும். நடனப் பதிவில் பாதம் கட்டாயம் தெரிய வேண்டும். பாட்டு ஒவ்வொன்றும் பொதுவாக 60 முதல் 90 விநாடி. கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறுவதால் ஒவ்வொன்றையும் படித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். வசனத்துக்கு அமெரிக்க உச்சரிப்பை வலிந்து வரவழைக்க வேண்டாம். தெளிவு இருந்தால் போதும்.

பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் வேறு, துறையின் தேர்வு வேறு. இரண்டும் கிடைத்தால்தான் இந்தப் படிப்பில் இடம் என்று வைத்திருக்கும் கல்லூரிகளே மிகுதி. நியூயார்க் நேரம் குளிர்காலத்தில் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருப்பதை நம்பிக் காணொளியை அனுப்பக் கடைசி இரவுவரை காத்திருக்காதீர்கள், பெரிய கோப்பு பதிவேறாமல் நின்றுவிடும்.

ட்ரோனுக்குக் கொடுத்த பணம் சில கல்லூரிகளின் விண்ணப்பக் கட்டணத்துக்காவது ஆகியிருக்கும். இன்னொன்றையும் பெற்றோர் தயவுசெய்து கவனியுங்கள். பட்டம் பெற்றபின் மாணவர் விசாவில் வேலை செய்யப் பொதுவாக 12 மாதங்களே அனுமதி; பொறியியல் பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதங்கள் இந்தப் படிப்புக்குக் கிடையாது. கல்விக் கடனுக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துச் செல்லும் முன் பிள்ளையையும் உட்காரவைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.