லேகியம் வந்துவிட்டது, கிண்டிக் கொடுக்க ஆள் எங்கே?

இந்த மாதமும் ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். பிரசவமாகி ஒன்றரை மாதம். பிள்ளை தூங்கினாலும் இவளுக்குத் தூக்கம் வருவதில்லை. பால் கொடுக்கும்போது கண்ணீர் வழிகிறது. பிள்ளையைத் தூக்கவே பயமாக இருக்கிறது என்கிறாள். கூட வந்த மாமியார் பையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். ஆன்லைனில் வரவழைத்த 'பிரசவ மருந்து செட்'. லேகியம், குளியல் பொடி, வேதுத் தண்ணீருக்கு இலைப்பொடி, அமுக்கரா (அஸ்வகந்தா) மாத்திரை. லேகியப் பாட்டிலில் ஒரு கரண்டி தோண்டிய பள்ளம் மட்டும் இருந்தது.

"எல்லாம் வாங்கிக் குடுத்துட்டோம் டாக்டரம்மா. அப்புறமும் ஏன் அழுதுக்கிட்டே இருக்கா?"

அந்தப் பெண்ணிடம் கேட்டேன், "பகல்ல உங்கூட யாரும்மா இருக்கா?"

"அவுக வேலைக்குப் போயிருவாக. அத்தை ஞாயித்துக்கிழமை வருவாக."

பிரசவித்த பெண்களின் மனநலத்தைப் பார்க்கும் மருத்துவர் என்பதால் இந்தப் பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பெட்டி மாறுகிறது, ஊர் மாறுகிறது, பதில் மாறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டில் என்ன நடக்கும் என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நொச்சி, வேம்பு, புளிய இலையெல்லாம் பறித்து வந்து அண்டாவில் கொதிக்கவைப்பார்கள். பறிக்க ஓர் ஆள், அடுப்பைப் பார்க்க ஓர் ஆள். உடம்பெல்லாம் எண்ணெயும் மஞ்சளும் தேய்த்து, இடுப்பையும் முதுகையும் நீவி, பொறுக்கிற சூட்டில் தண்ணீரை விளாவி ஊற்ற அனுபவப்பட்ட ஒருத்தி வருவாள். குளித்து வந்தால் சாம்பிராணிப் புகையில் தலைமுடியை உலர்த்துவார்கள். அந்த நேரம் பிள்ளை இன்னொருத்தி மடியில் இருக்கும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சதகுப்பை எல்லாம் இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு நல்லெண்ணெய் விட்டுக் கிண்டுவார்கள். அடிப்பிடிக்காமல் கிண்டுவது தனி ஆளால் ஆகிற வேலை இல்லை. கிண்டுகிறவர்கள் பேசுவார்கள், தங்கள் பிரசவத்தைச் சொல்வார்கள், இவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். அப்புறம் "நீ படு தாயி" என்று கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். வாசலில் வேப்பிலை, கையில் இரும்பு, தனியாக விடக்கூடாது என்று கட்டுப்பாடு. வேப்பிலை எதைத் தடுத்ததோ, அந்தக் கட்டுப்பாட்டால் அவள் பக்கத்தில் எந்நேரமும் ஓர் ஆள் இருந்தார்.

இவ்வளவையும் நறுக்கிவிட்டுப் பொடியை மட்டும் டப்பாவில் அடைத்துவிட்டோம். தூங்கவிடுகிற கையைக் கூரியரில் யாரும் அனுப்ப முடியாது.

இது பழையதை நினைத்து ஏங்குகிற பேச்சு இல்லை. தமிழ்நாட்டின் கிராமப்புறத் தாய்மாரிடம் வேலூர் ஆய்வாளர்கள் செய்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு யாருக்கு வருகிறது என்று பார்த்தார்கள். வறுமை, ஆண்பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண்பிள்ளை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள். இவற்றோடு இன்னொன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது: ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, பிரசவித்த பெண்களில் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கிட்டது. ஐந்தில் ஒருத்தி. உங்கள் தெருவிலும் இருப்பாள்.

ஆள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களில் ஆதிவாசிகள் அதிகம் வாழும் கிராமங்களில் ஏக்ஜுட் என்ற அமைப்பு பெண்களை மாதந்தோறும் குழுவாகக் கூட்டியது. கதை சொன்னார்கள், தாய்சேய்ப் பிரச்சினைகளைப் பேசினார்கள், என்ன செய்யலாம் என்று தாங்களே முடிவெடுத்தார்கள். 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு: பச்சிளங்குழந்தை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. மூன்றாவது ஆண்டில் தாய்மாரின் மிதமான மனச்சோர்வு 57 சதவீதம் குறைந்தது. குழுவில் யாரும் யாருக்கும் மாத்திரை கொடுக்கவில்லை.

சரி, இப்போது என்னை மிகவும் சோர்வடையச் செய்கிற வாக்கியத்துக்கு வருகிறேன். "நாட்டு மருந்துதானே, ஒண்ணும் பண்ணாது."

ஒன்றும் பண்ணாது என்றால் எதற்குச் சாப்பிடுகிறீர்கள்? உடம்பில் வேலை செய்கிற எதுவும் வேண்டாத வேலையையும் செய்யும். செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று ஈரல் பார்ப்பதில்லை. சர்ப்பகந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மனம் பேதலித்தவர்களுக்கு நம் நாட்டு வைத்தியர்கள் தலைமுறைகளாகக் கொடுத்த வேர் அது. 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அது பித்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதை ஆய்விதழில் எழுதினார்கள். 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நவீன மனநல மருத்துவத்தின் முதல் மருந்துகளில் ஒன்று நம் வேரிலிருந்து போனது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அதே ரெசர்பின் இரத்த அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கும், ஆளை மந்தமாக்கும். மனச்சோர்வு தலைகாட்டினால் உடனே நிறுத்த வேண்டும் என்ற எச்சரிக்கையோடுதான் அதைக் கொடுத்தார்கள். வேரின் வல்லமை உண்மை என்றால் அதன் ஆபத்தும் உண்மை.

இப்போது எல்லாப் பெட்டியிலும் இருக்கிற அமுக்கராவும் அப்படித்தான். தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தை அதிகமாக்கும். ஈரல் பாதிப்பும் மஞ்சள்காமாலையும் வந்தவர்களைப் பற்றி இந்தியா உட்படப் பல நாடுகளிலிருந்து மருத்துவ அறிக்கைகள் வந்திருக்கின்றன. பால் கொடுக்கும் தாய்க்குப் பாதுகாப்பானது என்று சொல்லப் போதிய ஆய்வு இல்லை. பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்குத் தைராய்டே ஏறி இறங்கும். அந்தப் படபடப்பும் சோர்வும் பார்ப்பதற்கு மனநோய் போலவே இருக்கும். அதனால்தான் நான் முதலில் தைராய்டு பரிசோதனை எழுதுகிறேன். டெஸ்டுக்குப் பணம் பறிக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள்.

சித்த மருத்துவத்தின் மேல் எனக்குக் குறையில்லை. அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்குத் தந்த பரிசுப் பெட்டகத்திலேயே தாய்க்கு சௌபாக்கிய சுண்டி லேகியம் இருந்தது. மருந்தாகக் கொடுப்பதை, படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் கையால் வாங்குங்கள். நான் எழுதிய சீட்டை அவரிடம் காட்டுங்கள், அவர் சீட்டை என்னிடம் காட்டுங்கள். ஒளித்து வைத்துச் சாப்பிடுவதுதான் ஆபத்து.

மரபில் எல்லாமே நல்லது என்றும் சொல்ல மாட்டேன். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது, வயிறு ஊதிவிடும் என்று தாகத்தோடு வைப்பதை இன்றும் பார்க்கிறேன். பிரசவமான வாரங்களில் இரத்தம் இயல்பாகவே உறையத் தயாராக இருக்கும். நீர்ச்சத்தும் குறைந்தால் மூளையின் சிரைக்குழாயில் இரத்தக்கட்டி உருவாகலாம். கடுமையான தலைவலி, வலிப்பு, சம்பந்தமில்லாத பேச்சு. வீட்டில் இதைக் காற்று கருப்பு என்று முடிவுகட்டி மந்திரிக்க அழைத்துப் போவார்கள். நாள் கடந்துவிடும். தயவுசெய்து தண்ணீர் கொடுங்கள்.

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலானவர்களுக்கு உண்டு. ஆறுதலும் தூக்கமும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கப் பத்தே கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் தமிழிலும் இருக்கிறது. சில நிமிடங்கள் போதும். மருந்து தேவைப்பட்டால் தாய்ப்பாலை நிறுத்தாமலே எடுத்துக்கொள்ளக்கூடியவை உண்டு. "மாத்திரை போட்டா பால் விஷமாயிரும்" என்று சொல்லி நிறுத்தவைக்கும் உறவினர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், என்னிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஆயிரம் பிரசவங்களில் ஒருவர், இருவருக்கு வருகிற கடுமையான பிரசவ மனநோய் வேறு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் தொடங்கும். இரவெல்லாம் தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பாள், குரல் கேட்கிறது என்பாள், இந்தப் பிள்ளை என்னுடையது இல்லை, மாற்றிவிட்டார்கள் என்பாள். இதற்கு லேகியமும் இல்லை, ஆறுதலும் இல்லை. அன்றைக்கே மருத்துவமனை. பிள்ளையையும் அவளையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். சிகிச்சை எடுத்தால் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவு 2009 முதல் இருக்கிறது.

கணவன்மார்களுக்கு: பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தைக் குளிக்க வைக்கவும் சமைக்கவும் வருகிற ஓர் அம்மாவுக்குக் கொடுங்கள். இரவில் ஒரு முறை பிள்ளையை நீங்கள் பாருங்கள், அவள் நான்கைந்து மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கட்டும். தாய்வீட்டுக்குப் போகிறேன் என்றால் நாள் பார்க்காமல் அனுப்புங்கள். தாய்வீடு இல்லாதவளுக்கு அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பவுடர் டப்பாவுக்குப் பதில் ஒரு வேளைச் சாப்பாடு கொண்டு வாருங்கள். வந்ததும் பிள்ளை யார் ஜாடை என்று கேட்பதற்கு முன்னால் அவளைச் "சாப்பிட்டியா, தூங்குனியா?" என்று கேளுங்கள். பெண்பிள்ளையா என்று உச்சுக்கொட்ட வருகிறவர்கள் வராமலே இருக்கலாம்.

வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பிள்ளையின் எடையைக் கேட்பதோடு, தாயின் தூக்கத்தையும் அழுகையையும் சொல்லுங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று அவள் ஒருமுறை சொன்னாலும் விளையாட்டாக எடுக்காதீர்கள். 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. அவள் பேசத் தயங்கினால் நீங்கள் கூப்பிட்டு, பிரசவமாகி எத்தனை நாள் என்பதையும் என்னென்ன மருந்து, லேகியம் உள்ளே போகிறது என்பதையும் முதலில் சொல்லுங்கள்.