வாடகை வீட்டுச் சுவரில் பூஞ்சணம்: செலவு யார் தலையில்?

சென்ற பொங்கலன்று பட்டு வேட்டியை எடுத்து உதறினேன். மடிப்பு நெடுகக் கருப்புப் புள்ளிகள். அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்சுவரில் ஆள் உயரத்துக்குப் பூஞ்சணம். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில் இது அதிசயமில்லை. சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்பதில்தான் சண்டை.

பூஞ்சணம் பிடித்த வாடகை வீட்டுக்கென்று சிங்கப்பூரில் தனிச் சட்டம் கிடையாது. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் பேசும். ஆகவே முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

குளியலறை மேற்கூரையில் பழுப்பு வளையம் தெரிந்தாலோ, சாயம் உப்பி உரிந்தாலோ, பெரும்பாலும் மேல்வீட்டு நீர்தான் கசிகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் அதைச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டு, கீழ்வீட்டு உரிமையாளர்கள் இருவருக்கும் உண்டு. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் சேர்ந்தால் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும். மீதியில் இரு வீட்டாருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. 600 வெள்ளி வேலை என்றால் ஆளுக்கு 150 வெள்ளி. இந்தக் கணக்கில் வாடகைக்கு இருப்பவர் பெயரே இல்லை. விண்ணப்பிக்க வேண்டியவரும் உரிமையாளர்தான் என்பதால், அவரை விடாமல் நச்சரிப்பது உங்கள் வேலை. வாய்மொழியாக அல்ல, எழுத்தில்.

தனியார் கூட்டுரிமை வீடுகளுக்கு 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கசிவு மேல்வீட்டிலிருந்தே வருவதாக அது எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது மேல்வீட்டார் பாடு.

கசிவே இல்லாமல் அலமாரிக்குப் பின்னாலும் ஜன்னல் ஓரத்திலும் மட்டும் படர்ந்தால்தான் சிக்கல். "அறைக்குள் துணி காயப்போட்டீர்கள்" என்பார் உரிமையாளர். என்னிடமும் அதையே சொன்னார். பாதி உண்மை என்பதால் வாயடைத்து நின்றேன். குடிவந்த நாளில் அந்தச் சுவரைப் படம் எடுத்திருக்கவில்லை. முன்பணத்தில் சாயம் பூசும் கூலி பிடிக்கப்பட்டது.

ஒப்பந்தத்தில் சில வரிகளை விரல் வைத்துப் படியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குளிரூட்டியைப் பராமரிப்பது பொதுவாகக் குடியிருப்பவர் பொறுப்பு, ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். சிறு பழுதுகளுக்குக் குறிப்பிட்ட தொகை வரை நீங்கள், அதற்கு மேல் உரிமையாளர் என்றும் இருக்கும். பல ஒப்பந்தங்களில் முதல் 30 நாளில் தெரியவரும் பழுதுகள் முழுக்க உரிமையாளர் பொறுப்பு. எனவே சாவி வாங்கிய வாரமே அலமாரியை நகர்த்திவிடுங்கள்.

முத்திரை வரியையும் மறக்க வேண்டாம். நான்கு ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, மாதம் 2,500 வெள்ளி வீதம் ஓராண்டுக்கு என்றால் 120 வெள்ளி. இங்கே கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தம் வழக்கில் ஆதாரமாக எடுபடாது.

பேச்சு முறிந்தால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு மிகாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களை அது விசாரிக்கும். கோரிக்கை 20,000 வெள்ளி வரை. இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. சிக்கல் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும். வழக்கறிஞர்கள் வாதாட அங்கே அனுமதியில்லை. தேதியுள்ள படங்களையும் அனுப்பிய செய்திகளையும் நீங்களே கொண்டுபோக வேண்டும்.