பழுதில்லாத பழுதுகள்: கணினியைக் கடைக்குத் தூக்கிவரும் முன் அழுத்திப் பார்க்க வேண்டிய விசைகள்

சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் ஒரு நாள், உசிலம்பட்டியிலிருந்து ஒருவர் தம் கணினியின் பெட்டியையும் மானிட்டரையும் பழைய போர்வையில் சுற்றிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு, மேல மாசி வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் என் பழுதுபார்ப்புக் கடைக்கு வந்து சேர்ந்தார். திரையில் எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது என்பது அவர் குறை. இரண்டு நாட்களாக மானிட்டரையே கவிழ்த்து வைத்து, வாடிக்கையாளர்களுக்குப் பத்திர நகல் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். கண்ட்ரோல், ஆல்ட், மேல்நோக்கிய அம்புக்குறி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினேன், திரை நிமிர்ந்துவிட்டது. "இதுக்கா அண்ணே இம்புட்டுத் தூரம் கட்டித் தூக்கிட்டு வந்தேன்?" என்று அவர் கேட்டபோது எனக்குக் கூலி வாங்க மனம் வரவில்லை. ஆனால் அவருடைய பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் வருமானமும் போனது போனதுதான்.

மானிட்டரை நெடுக்காக நிறுத்தி வேலை பார்ப்பவர்களுக்காக, இன்டெல் நிறுவனத்தின் பழைய வரைகலை மென்பொருளில் இந்த வசதி வைக்கப்பட்டிருந்தது. புதிய கணினிகள் பலவற்றில் இந்தக் குறுக்குவழி கிடையாது. அவற்றில் திரை திரும்பிவிட்டால், வெற்றுத் திரையில் வலப்பக்கப் பொத்தானைச் சொடுக்கி, டிஸ்ப்ளே செட்டிங்ஸ் பகுதியில் ஓரியன்டேஷன் என்பதை லேண்ட்ஸ்கேப் என்று மாற்றினால் போதும்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் என் மேசைக்கு வரும் இயந்திரங்களில் பலவற்றை நான் திருப்புளி எடுக்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கணினிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு விசை அழுத்தப்பட்டதா இல்லையா என்பது மட்டுமே. நாம் அறிந்து அழுத்தினோமா, தூசு தட்டும் துணி பட்டதா, பேரப்பிள்ளையின் கை பட்டதா என்பது அதற்குத் தெரியாது. அப்படித் தெரியாமல் பட்ட விசையால் வந்த குறை, இன்னொரு விசையால் போய்விடக் கூடியது.

வாடிப்பட்டிப் பக்கத்து அரிசி மண்டி ஒன்றின் கணக்கராக இருக்கும் அம்மாவுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். கீபோர்டில் எந்த எழுத்தைத் தட்டினாலும் விழவில்லை என்று புதிய கீபோர்டு வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அதிலும் எழுத்து விழவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்று யாரோ சொல்ல, பெட்டியோடு கிளம்பி வந்துவிட்டார்கள். பேரேட்டைப் பார்த்துப் பதியும்போது வலது கையை ஷிஃப்ட் விசையின் மேலேயே ஊன்றி வைத்திருப்பது அந்த அம்மாவின் வழக்கம். விண்டோஸில் வலப்பக்க ஷிஃப்ட் விசையை எட்டு நொடிகள் தொடர்ந்து அழுத்தினால் ஃபில்டர் கீஸ் என்ற வசதியை இயக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். அதைப் படிக்காமல் என்டர் தட்டிவிட்டால் அது இயங்கத் தொடங்கிவிடும். அதன் பிறகு, சட்டென்று தட்டும் தட்டல்களை எல்லாம் கணினி புறக்கணிக்கும். விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழும். மறுபடி அதே ஷிஃப்ட் விசையை எட்டு நொடி அழுத்தியதும் பழைய கீபோர்டும் சரியாக வேலை செய்தது, புதியதும் சரியாக வேலை செய்தது. ஷிஃப்டை ஐந்து முறை அடுத்தடுத்துத் தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸ் என்பதும் இதன் உடன்பிறப்பே. இவற்றை வேண்டாத தொல்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. கை நடுக்கம் உள்ளவர்களும் ஒரு கையால் மட்டுமே தட்டக்கூடியவர்களும் கணினியைப் பயன்படுத்துவது இவற்றால்தான். ஒரு கேள்வி திரையில் வந்தால் அதைப் படித்த பிறகே என்டர் தட்டுவது என்ற பழக்கம் மட்டும் இருந்தால் என் கடைக்குப் பாதிக் கூட்டம் வராது.

மடிக்கணினியில் கடவுச்சொல் தவறு என்று வந்துகொண்டே இருந்தால் முதலில் மூன்றைப் பாருங்கள். கேப்ஸ் லாக் எரிகிறதா என்பது எல்லோரும் அறிந்தது. இரண்டாவது நம் லாக் (Num Lock): தனி எண் பலகை இல்லாத பழைய மடிக்கணினிகளில் அது இயங்கினால் யு, ஐ, ஓ என்ற எழுத்துகள் 4, 5, 6 ஆகிவிடும், கடவுச்சொல் புள்ளிகளாகத் தெரிவதால் அது நம் கண்ணுக்குப் படுவதில்லை. மூன்றாவது, தட்டச்சு மொழி. தமிழும் ஆங்கிலமும் சேர்த்து வைத்திருக்கும் கணினியில் விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்ந்து பட்டால் தட்டச்சு மொழி மாறிவிடும். திரையின் கீழ் வலப்பக்க மூலையில் எந்த மொழி என்று காட்டும்; அதே இரண்டு விசைகளை மறுபடி அழுத்தினால் பழைய மொழிக்குத் திரும்பலாம்.

மொழி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மாவட்ட ஆட்சியருக்கு எழுதிய மனுவைத் தட்டச்சு நிலையத்தில் அடித்துப் பென் டிரைவில் வாங்கி வந்து வீட்டில் திறந்தால், ஆங்கில எழுத்தும் குறியீடுகளுமாகக் குப்பையாகத் தெரிகிறது, வைரஸ் ஏறிவிட்டது என்று பலர் பதறி வருவார்கள். அந்த மனு வானவில் அல்லது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். அவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள் அப்படியே வெளியே தெரியும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணை வெளியிட்டும், இன்னும் நம் ஊர்த் தட்டச்சு நிலையங்கள் பல பழைய எழுத்துருவை விட மனமின்றி இருக்கின்றன என்பது என் தனிப்பட்ட வருத்தம். வாங்கி வரும்போதே பிடிஎஃப் ஆகவும் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டால் இந்த அலைச்சல் இல்லை.

எக்செலில் அம்புக்குறியைத் தட்டினால் கட்டம் நகராமல் தாள் முழுவதும் நகர்கிறது என்றால் ஸ்க்ரோல் லாக் இயங்கிக்கொண்டிருக்கிறது. அந்த விசையே இல்லாத மடிக்கணினியில், விண்டோஸ், கண்ட்ரோல், ஓ மூன்றையும் அழுத்தினால் திரையிலேயே ஒரு கீபோர்டு தோன்றும். அதில் அந்த விசையை மவுஸால் சொடுக்கி அணைத்துவிடலாம். எழுத எழுத முன்னால் உள்ள எழுத்துகள் அழிந்துகொண்டே வந்தால் அது இன்செர்ட் விசையின் வேலை. இணைய உலாவியில் பக்கத்தின் எழுத்து திடீரென்று பெரிதாகிவிட்டால் கண்ட்ரோலும் பூஜ்யமும்; உலாவியின் மேற்பட்டை காணாமற்போனால் எஃப் 11. இவற்றுக்காக யாரும் பேருந்து ஏற வேண்டியதில்லை.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை மட்டும் கறுத்துவிட்டால், உடனே மின்சாரத்தை நிறுத்தாமல், விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். திரையில் படம் வரையும் மென்பொருளான வரைகலை இயக்கி மட்டும் புதிதாகத் தொடங்கும். ஒரு சிற்றொலி கேட்டுத் திரை திரும்பி வந்தால், திறந்து வைத்திருந்த வேலை அப்படியே இருக்கும். ஒரு மென்பொருள் மட்டும் உறைந்து நின்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் அதை மட்டும் நிறுத்திவிடலாம்.

தவறிப் படும் விசைகளைப் பற்றிப் பேசும்போது, அதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்த ஒருவரையும் சொல்லிவிட வேண்டும். ஐபிஎம் நிறுவனம் 1981இல் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதை உருவாக்கிய குழுவில் இருந்த டேவிட் பிராட்லி என்ற பொறியாளர், இயந்திரத்தை மறுதொடக்கம் செய்வதற்கு முதலில் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் என்று வைத்தார். மூன்றும் இடப்பக்கமே இருந்ததால் கை தவறிப் பட்டுவிடக் கூடும் என்று தெரிந்ததும், எஸ்கேப்பை நீக்கிவிட்டு வலப்பக்கத்தில் இருந்த டெலீட்டைச் சேர்த்தார். இரண்டு கைகளும் வந்தால்தான் அழுத்த முடியும் என்பதே அதன் நோக்கம்.

இதுவரை சொன்னவற்றில் போனது நேரமும் கொஞ்சம் பணமும்தான். பழுதே இல்லாத இடத்தில் பழுது இருப்பதாக நம்ப வைத்துப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள்; அவர்களிடம் சிக்கியவர்கள் கடைசியாகத்தான் என்னிடம் வருகிறார்கள். திருநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர், ஏதோ ஒரு பக்கத்தில் பஞ்சாங்கம் தேடிக்கொண்டிருந்தபோது, திரை முழுவதும் சிவப்பாகி, அபாயச் சங்கு போல ஒலி எழும்பி, கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. மவுஸை நகர்த்தியும் மூடுவதற்கு எந்தக் குறியும் தென்படவில்லை. அழைத்தார். மறுமுனையில் பேசியவர் மிக மரியாதையாக, "சார், பதறாதீங்க" என்று ஆறுதல் சொல்லி, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றை அவர் கையாலேயே நிறுவ வைத்து, கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகையை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சிவப்புத் திரை வெறும் ஓர் இணையப் பக்கம். முழுத்திரை வசதியால் உலாவியின் பட்டைகளை மறைத்துக்கொண்டு, கணினியே பேசுவது போல நடித்தது. எஸ்கேப் விசையைச் சில நொடிகள் விடாமல் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை கலைந்து மேற்பட்டை தெரியும். கண்ட்ரோலும் டபிள்யூவும் அழுத்தினால் அந்தப் பக்கம் மூடிக்கொள்ளும். மூட மறுத்தால் ஆல்ட்டும் எஃப் 4உம். அதற்கும் அடங்காவிட்டால் மேலே சொன்ன டாஸ்க் மேனேஜரில் உலாவியையே நிறுத்திவிடலாம். மறுபடி உலாவியைத் திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று அது கேட்டால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்; இல்லாவிட்டால் சிவப்புப் பக்கமும் கூடவே எழுந்து வரும். மைக்ரோசாஃப்ட்டின் பிழை அறிவிப்புகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று அந்நிறுவனமே அறிவித்திருக்கிறது. எண் இருந்தால் அது திருட்டுப் பக்கம் என்று அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம்.

ஒருவேளை அழைத்து, அவர்கள் சொன்ன மென்பொருளையும் நிறுவிவிட்டீர்கள் என்றால், முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வைஃபை பெட்டியின் மின் இணைப்பைப் பிடுங்கினாலும் சரிதான். அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் இணையக் குற்றப் புகார்களுக்கான தேசிய உதவி எண்ணான 1930ஐ உடனே அழையுங்கள். எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. திருநகர்க்காரர் வெட்கத்தில் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் வைத்திருந்தார். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிட்டு, அதன் பிறகு என்னைப் போன்றவர்களிடம் கணினியைக் கொண்டு வரலாம்.

கோப்புகள் காணாமற்போவதிலும் பழுதில்லாத பழுதுகள் நிறைய. ஒரு வருடக் கணக்கு வைத்திருந்த ஃபோல்டரே மாயமாகிவிட்டது என்பார்கள். மவுஸில் விரல் ஊன்றியபடி நகர்த்தியதில் அது பக்கத்து ஃபோல்டருக்குள் விழுந்திருக்கும். கண்ட்ரோலும் இசட்டும் எழுதுவதைத் திருத்துவதற்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கோப்புகளைக் காட்டும் சாளரத்திலும் அது வேலை செய்யும். கணினியை அணைக்காமல் இருந்தால், இடம் மாறிய ஃபோல்டர் திரும்பி வரும், ரீசைக்கிள் பின்னுக்குப் போன கோப்பும் திரும்பி வரும். ஆனால் ஷிஃப்ட்டோடு டெலீட் அழுத்தியவையும், பென் டிரைவிலிருந்து நீக்கியவையும் ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. அப்படி நேர்ந்தால் அந்த டிரைவில் மேற்கொண்டு எதையும் பதியாமல் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். புதிதாகப் பதியும் ஒவ்வொன்றும் பழையதன் மேல் உட்காரக் கூடும். சுழலும் தட்டு இல்லாத சேமிப்பு வகையான எஸ்எஸ்டியாக இருந்தால் நீக்கிய இடத்தைச் சிறிது நேரத்தில் அதுவே துடைத்துவிடும் என்பதால் மீட்பதற்கு வழி மிகக் குறைவு.

உண்மையான பழுதுகள் வேறு மாதிரி இருக்கும். ஹார்டு டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சீராக ஒலி வந்தாலும், மடிக்கணினியின் அடிப்பலகை பேட்டரி உப்பி மேலெழும்பியிருந்தாலும், தீய்ந்த வாடை வந்தாலும் எந்த விசையையும் அழுத்திப் பார்க்க வேண்டாம். கீபோர்டின் மேல் தேநீரோ ஜிகர்தண்டாவோ கொட்டிவிட்டால் சார்ஜரைப் பிடுங்கி, மின் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தி அணைத்து, கூடாரம் போலக் கவிழ்த்து வடியவிடுங்கள். வேலை செய்கிறதா என்று நடுவில் போட்டுப் பார்க்காமல், அரிசி டப்பாவுக்குள் புதைக்காமல், அணைத்தது அணைத்தபடியே அன்றைக்கே கொண்டு வாருங்கள். பால் காய்ந்த பிறகு வந்தால் பலகையைக் கழுவிக் கொடுப்பது எனக்குப் பெரும்பாடு.