கம்பளிக்குள் சூடு இருக்கிறதா?

நான்காம் வகுப்பில் இரண்டு ஐஸ்கட்டிகளை எடுத்து, ஒன்றைத் தட்டில் அப்படியே வைத்து, இன்னொன்றைக் கம்பளியில் நன்றாகச் சுற்றி வைத்துவிட்டு, எது முதலில் உருகும் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட போதெல்லாம் முக்கால்வாசிக் கைகள் கம்பளிக்குத்தான் உயர்ந்திருக்கின்றன. "கம்பளி சூடு டீச்சர், சீக்கிரம் உருகிடும்."

இந்த இடத்தில்தான் நாம் அவசரப்படுகிறோம். கம்பளி வெப்பத்தை எளிதில் கடத்தாது என்று சொல்லி, நோட்டில் எழுத வைத்து, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். பிள்ளையும் பரீட்சையில் அதையே எழுதி மதிப்பெண் வாங்கிவிடும், ஆனால் கம்பளிக்குள் சூடு இருக்கிறது என்ற நினைப்பு அசையாமல் அங்கேயே இருக்கும். அது அறியாமையும் இல்லை. போர்த்தினால் கதகதப்பாக இருக்கிறது, அப்படியென்றால் கம்பளிதானே சூடு தருகிறது? சொந்த உடம்பில் பார்த்துத் தெரிந்துகொண்டதை ஒரு வரி விளக்கத்துக்காக யார் விட்டுக்கொடுப்பார்கள்?

இப்போதெல்லாம் நான் பதில் சொல்வதில்லை, காத்திருக்கிறேன். தட்டில் இருப்பது தண்ணீரானதும் கம்பளியைப் பிரித்தால் ஐஸ் இன்னும் கட்டியாகக் கிடக்கும். "இந்தத் துணி கெட்டுப்போச்சு போல" என்றான் ஒருவன். சிரிப்பு வந்தாலும் சிரிக்கவில்லை, நம்பியதைக் காப்பாற்ற பெரியவர்களும் இதைத்தானே செய்கிறோம். சரி, துணி நல்லதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டதும், உள்ளே தெர்மாமீட்டர் வைக்கலாம் என்றாள் ஒரு பெண். (பாதரசம் இல்லாததாக எடுத்துக்கொள்ளுங்கள், உடைந்தால் ஆபத்து.) ஒன்றைக் கம்பளிக்குள்ளும் ஒன்றை வெளியே மேசையிலும் வைத்துவிட்டு மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டிலும் ஒரே அளவு. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "உள்ளே ஆள் இருந்தாத்தான் சூடாகும்." என் விளக்கத்தைவிட அது நன்றாகவே இருந்தது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் தட்டில் மெழுகுவர்த்தியை ஏற்றி டம்ளரைக் கவிழ்த்தால் தண்ணீர் உள்ளே ஏறும். எரிந்து தீர்ந்த ஆக்ஸிஜனின் இடத்தைத் தண்ணீர் பிடிக்கிறது, காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம் என்பதற்கு இதுதான் சாட்சி என்று பல வருடம் சொல்லிக்கொடுத்தேன். எரியும்போது ஏறாமல் அணைந்த பிறகு ஏன் குபுக்கென்று ஏறுகிறது என்று ஒரு குழந்தை கேட்ட அன்றுதான் எனக்கே உறைத்தது. சுடரில் சூடாகி விரியும் காற்றில் கொஞ்சம் வெளியேறிவிடுகிறது, அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் ஏறுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் முழுவதும் தீர்வதும் இல்லை. அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பாருங்கள், தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். ஆக்ஸிஜன் கணக்கு சரியென்றால் ஒரே உயரம்தானே வரவேண்டும்? தீக்குச்சியை மட்டும் நீங்களே கிழியுங்கள்.

செடி மண்ணைச் சாப்பிட்டு வளர்கிறது என்பது இன்னொரு பிடிவாதமான நினைப்பு. அதற்கு வான் ஹெல்மாண்ட் என்ற விஞ்ஞானியின் கதையைச் சொல்வேன். 17ஆம் நூற்றாண்டில் அவர் எடை போட்ட மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 70 கிலோவுக்கு மேல் கூடியது, மண்ணின் எடையோ 60 கிராம்கூடக் குறையவில்லை. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவுகட்டினார், அதுவும் முழுக்கச் சரியில்லை. அவ்வளவு பெரிய ஆளே தப்பு விட்டாரா என்பதில் பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

அப்படியென்றால் வேறு எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டேன். "காத்தைத் தின்னுதா டீச்சர்?" என்றது ஒன்று, வகுப்பே சிரித்தது. காய்ந்த மரத்தின் எடையில் பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்ததுதான். அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை, அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி அழிக்காமல் விட்டுவிட்டு வந்தேன்.