கிறுக்கு ஓப்பனிங் ஜெயிப்பது எப்படி?

1980-ல் ஸ்வீடனின் ஸ்காரா நகரில் ஐரோப்பிய அணிகளுக்கான சாம்பியன்ஷிப் நடந்தது. உலகச் சாம்பியன் அனத்தோலி கார்ப்போவ் வெள்ளைக் காய்களுடன் முதலில் இ4 ஆடினார் (கட்டங்களின் பெயர் வெள்ளையின் பார்வையில் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை; வெறும் கட்டப் பெயர் என்றால் அங்கே போனது சிப்பாய்). எதிரே இங்கிலாந்தின் டோனி மைல்ஸ். அவர் பதிலுக்கு ஆடியது ஏ6: ஓரத்துச் சிப்பாய், அதுவும் ஒரே ஒரு கட்டம். அடுத்தது பி5. அரங்கில் சிரிப்பு எழுந்தது. 46 நகர்த்தல்கள் முடிந்தபோது தோற்றிருந்தவர் கார்ப்போவ்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் "பார்த்தீர்களா, எதை ஆடினாலும் ஜெயிக்கலாம்" என்று முடித்துவிடுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஏ6 ஆடியதற்குப் பலகையில் ஒரு விலை உண்டு. அந்த விலைக்கு ஈடாக எதிராளியின் தலைக்குள் ஏதோ ஒன்று நடக்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்குப் புரியும்.

முதலில் பலகை. சதுரங்கத்தில் முதலில் ஆடுவது வெள்ளை என்பதால் அதற்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. பெரிய ஆட்டத் தொகுப்புகளில் மொத்தப் புள்ளிகளில் 54, 55 சதவீதம் வெள்ளைக்குப் போகிறது. இன்ஜின் (சதுரங்கக் கணினி நிரல்) கணக்கில் இது ஒரு சிப்பாயின் மதிப்பில் கால் பங்கு அளவுதான். சரி, வெள்ளை முதல் நகர்த்தலிலேயே ஏ3 என்று ஓரச் சிப்பாயைத் தள்ளினால்? அந்தக் கால் பங்கு போய்விடும், அவ்வளவுதான். ஆட்டம் ஏறக்குறையச் சமமாகும். 1858-ல் பாரிஸில் பால் மார்ஃபிக்கு எதிராக அடோல்ஃப் ஆண்டர்சன் இதைத்தான் மூன்று ஆட்டங்களில் செய்தார். அந்தக் காலத்தின் மிகக் கூர்மையான ஆட்டக்காரருக்கு எதிராக ஒரு வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி. ஏ3-க்குப் பிறகு கறுப்பு இ5 ஆட, வெள்ளை சி4 ஆடினால், பலகையில் வருவது நிறம் மாறிய சிசிலியன் (இ4-க்குக் கறுப்பு சி5 ஆடும் பிரபலமான ஓப்பனிங்). அதில் ஏ3 வீண் நகர்த்தல்கூட இல்லை; கறுப்பின் காய் எதுவும் பி4-க்கு வராமல் தடுக்கிறது.

மைல்ஸின் ஏ6-ம் இதே இனம்தான். சிரித்தவர்கள் பார்த்தது அந்த ஒரு நகர்த்தலை மட்டும். அது பி5-க்குத் துணை. பி5 போனதும் பிஷப்புக்கு பி7-ல் இடம் கிடைக்கிறது. அங்கிருந்து அது வெள்ளையின் இ4 சிப்பாயை நேராக முறைக்கிறது. நான்காவது நகர்த்தலில் எஃப்6-க்கு வந்த குதிரையும் அதே சிப்பாயைத் தாக்கியது. ஆறாவது நகர்த்தலில் சி5 ஆடி வெள்ளையின் நடுக்கட்டுமானத்தை மைல்ஸ் இடித்தார். அப்போது பலகையைப் புதிதாக ஒருவர் பார்த்திருந்தால் சிரிக்க எதுவும் இருந்திருக்காது. கொஞ்சம் நேரம் (கடிகாரத்தில் அல்ல, நகர்த்தல் கணக்கில்) இழந்திருக்கிறார், கட்டுமானத்தில் ஓட்டை எதுவும் இல்லை.

ஜி4, எஃப்3 போன்ற நகர்த்தல்களின் கதை வேறு. சிப்பாய் பின்னால் வராது. ஜி4-க்குப் போன சிப்பாய் எஃப்4, எச்4 கட்டங்களைக் காக்கும் வேலையை நிரந்தரமாக விட்டுவிட்டது. எஃப்3 ஆடினால் குதிரையின் நல்ல இடம் பறிபோகிறது, ராஜாவை நோக்கிய மூலைவிட்டமும் திறக்கிறது. இரண்டையும் சேர்த்து ஆடினால் கறுப்பு ராணி எச்4-க்கு வந்து இரண்டாவது நகர்த்தலிலேயே செக்மேட். சதுரங்கத்தில் இதைவிடச் சீக்கிரம் தோற்க வழியே இல்லை. ஜி4 மட்டும் ஆடினால் அவ்வளவு மோசமில்லை, ஆனால் இன்றைய இன்ஜின்கள் அதற்கே ஒரு சிப்பாய் அளவுக்குமேல் கழித்துக்கொள்கின்றன. ஆக, கிறுக்கு ஓப்பனிங்குகளில், அதாவது விசித்திரமான தொடக்க நகர்த்தல்களில், நேரத்தை மட்டும் இழப்பவை ஒரு வகை, ராஜாவின் வீட்டு வாசலைப் பெயர்த்துப் போடுபவை இன்னொரு வகை. முதல் வகைக்குத்தான் என் ஓட்டு.

இனி தலைக்குள் போவோம். சுவாரசியமே அங்கேதான்.

1973-ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டங்களிலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்துவிடுவார்கள். பார்த்தவர் அதை நினைவிலிருந்து அடுக்க வேண்டும். மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார், புதியவர் நாலைந்து காய்களோடு நின்றுவிட்டார். அதே காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டியபோது மாஸ்டரின் மேன்மை கிட்டத்தட்ட காணாமல் போனது. அதாவது அவருக்குப் பொதுவான நினைவாற்றல் ஒன்றும் அபாரமில்லை. காஸ்லிங் செய்த (ஒரே நகர்த்தலில் யானையோடு சேர்ந்து ஓரமாக ஒதுங்கிய) ராஜாவும் அதன் முன்னால் நிற்கும் மூன்று சிப்பாய்களும் நமக்கு ஐந்து காய்கள் என்றால் (யானையையும் சேர்த்து), மாஸ்டருக்கு அது ஒரே பொருள். இப்படிப்பட்ட பொருள்கள் ஆயிரக்கணக்கில் தலையில் இருக்கின்றன. ஒவ்வொன்றோடும் "இங்கே இதை ஆடு" என்ற யோசனையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியோட், பெர்னாண்ட் கோபே மூவரும் 2009-ல் இதை இன்னும் துல்லியமாக்கினார்கள். பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங்கை ஆடுபவர்களுக்கும் சிசிலியனில் நய்டார்ஃப் என்ற கிளையை ஆடுபவர்களுக்கும் இரு வகை நிலைகளையும் கொடுத்தார்கள். இரு தரப்பும் பொதுத் திறனில் சமமானவர்கள்தான். ஆனால் தங்களுக்குப் பழக்கமான ஓப்பனிங்கிலிருந்து வந்த நிலை என்றால், தங்களைவிட ஒரு படி மேலே இருப்பவர்களைப் போல ஆடினார்கள். அந்த ஒரு படி என்பது எலோ (ஆட்டக்காரர்களின் திறனை அளக்கும் தரப்புள்ளி) கணக்கில் சுமார் 200 புள்ளி. 200 புள்ளி அதிகமுள்ளவர் சராசரியாக நூற்றுக்கு 76 புள்ளி எடுப்பார் என்பது எலோ சூத்திரம். பழக்கம் மட்டுமே இவ்வளவு கனமா என்று யோசிக்க வைக்கும் எண் இது.

ஏ6-க்கான விலையை இதன் பக்கத்தில் வையுங்கள். பலகையில் அரைச் சிப்பாய் போல ஏதோ கொடுத்தாயிற்று. எதிராளி பல வருடம் சேர்த்த ஓப்பனிங் அறிவு இரண்டே நகர்த்தலில் செல்லாக்காசாகிவிட்டது. உங்களுடையது மட்டும் செல்லுபடியாகும். இந்தக் கடைசி வாக்கியத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். விசித்திரமான நகர்த்தல் தானாக எதையும் ஜெயித்துத் தராது. நீங்களும் முதல் தடவையாக அந்த நிலையைப் பார்க்கிறீர்கள் என்றால் இருவரும் இருட்டில், அதிலும் நீங்கள் அரைச் சிப்பாய் குறைவாக. ஜி4-ஐ வாழ்நாள் முழுதும் ஆடிய சுவிஸ் ஆட்டக்காரர் ஹென்றி குரோப்பும், பின்னாளில் இங்கிலாந்தின் மைக்கேல் பாஸ்மனும் அந்தக் காட்டில் ஒவ்வொரு மரத்தையும் அறிந்தவர்கள். ஒரே நாளில் இணையத்தில் பார்த்துவிட்டு ஆடுபவர்களின் நிலைமை வேறு.

வேக ஆட்டத்தில் இன்னொரு லாபமும் சேர்கிறது. ஆளுக்கு மொத்தமே மூன்று நிமிடம் தரும் பிளிட்ஸ் ஆட்டத்தில் எதிராளி இரண்டாவது நகர்த்தலுக்கு இருபது விநாடி யோசித்தால் அவருடைய மொத்த நேரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போயிற்று. அதனால்தான் ஆன்லைன் பிளிட்ஸில் இந்த ஓப்பனிங்குகள் இவ்வளவு உயிரோடு இருக்கின்றன.

விலை எங்கே வலிக்கும் என்பதற்கு 1970-ல் பெல்கிரேடில் நடந்த சோவியத் யூனியன், உலக அணி போட்டியைப் பார்க்கலாம். டென்மார்க்கின் பென்ட் லார்சன் தனக்குப் பிடித்த பி3-ஐ அப்போதைய உலகச் சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கிக்கு எதிராக ஆடினார். பி3 ஒன்றும் கெட்ட நகர்த்தல் இல்லை. ஆனால் லார்சன் ஒரே குதிரையை மூன்று முறை நகர்த்தினார், ராஜாவை நடுவிலேயே விட்டார், பத்தாவது நகர்த்தலில் எஃப்4 என்று கதவையும் திறந்தார். ஸ்பாஸ்கி 14-வது நகர்த்தலில் யானையை எச்1-ல் கொண்டுபோய் பலி கொடுத்தார். 17-வதில் ஆட்டம் முடிந்தது. வழக்கமான ஓப்பனிங்கில் ஒரு தளர்ந்த நகர்த்தலைச் சமாளிக்கக் கொஞ்சம் இருப்பு இருக்கும். வித்தியாசமான ஓப்பனிங்கில் அந்த இருப்பை முதலிலேயே செலவழித்துவிடுகிறோம்.

அப்புறம், மேசையின் மறுபக்கம் நீங்கள் உட்கார்ந்திருந்தால்? பெரும்பாலோர் செய்யும் தவறு, கோபத்தில் உடனே தண்டிக்கப் பார்ப்பது. ஜி4-க்கு டி5 ஆடியதும் வெள்ளை பிஷப்பை ஜி2-க்குக் கொண்டுவந்து ஜி4 சிப்பாயை அநாதையாக விடும். கறுப்பு பிஷப் அதை வெட்டும். வெள்ளை சி4. இப்போது கறுப்பு டி5 சிப்பாயால் சி4-ஐ வெட்டினால் ஜி2 பிஷப்புக்கு மூலைவிட்டம் முழுதும் திறந்துவிடும்; பி7-ஐ வெட்டிவிட்டு மூலையில் நிற்கும் யானையையும் பிடித்துக்கொள்ளும். சி6 ஆடித் தாங்கினால், சிப்பாய்கள் வெட்டிக்கொண்ட பிறகு வெள்ளை ராணி பி3-க்கு வந்து பி7, டி5 இரண்டிலும் கைவைக்கும். கறுப்பு இன்னும் தோற்றுவிடவில்லை, ஆனால் இது ஜி4 ஆடியவர் நூறு தடவை பார்த்த நிலை.

அதனால் வெட்டாதீர்கள். பிஷப் ஜி2-க்கு வந்ததும் சி6 ஆடி டி5-ஐக் கெட்டியாக்கினால் போதும். ஜி4 சிப்பாய் இன்னும் தாக்குதலில்தான் இருக்கிறது. அதைக் காக்க வெள்ளை எச்3 ஆடினால் நீங்கள் இ5. நடுவில் உங்களுக்கு இரண்டு சிப்பாய்கள், வெள்ளையின் மூன்று நகர்த்தல்களும் ராஜா பக்கத்து ஓரத்தில். குதிரைகளையும் பிஷப்பையும் வழக்கமான இடங்களுக்குக் கொண்டுவாருங்கள், ராஜா பக்கம் காஸ்லிங் செய்ய அவசரப்படாதீர்கள். வெள்ளை ராஜா ஜி1-க்குப் போய் உட்கார்ந்தால் எச்5 என்று தள்ளுங்கள்; ஜி4 அதை வெட்டினால், எச் வரிசை உங்கள் யானைக்குத் திறந்துவிடும்.